மரபணு வெளிப்பாட்டை அளப்பது எப்படி: கிராமத்து முகாமில் தொடங்கி ஆய்வக பிளேட் வரை

மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால், அது கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அதற்குக் கீழே கிளையாறு, வாய்க்கால், மடை. எந்த வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்பது நீர்வளத்துறை வரைபடத்தில் இருக்கிறது. இன்று காலை எந்த மதகு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வரைபடம் சொல்லாது, போய்த்தான் பார்க்க வேண்டும்.

டி.என்.ஏ. அந்த வரைபடம் மாதிரி. கல்லீரல் செல்லிலும் ரத்த வெள்ளையணுவிலும் ஒரே வரைபடம்தான். எந்த மரபணு திறந்திருக்கிறது, எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் ஒரு செல்லை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது, நோயில் மாறுவதும் பெரும்பாலும் அதுதான். திறந்த மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, அதைப் படித்துப் புரதம் உருவாகிறது. மரபணு வெளிப்பாட்டை அளப்பது என்றால் நடைமுறையில் அந்தத் தூது ஆர்.என்.ஏ.வை எண்ணுவது. மடையில் பாய்ந்த தண்ணீரை அளந்து மகசூலை அப்படியே சொல்லிவிட முடியாததுபோல, ஆர்.என்.ஏ. இரண்டு மடங்கானால் புரதமும் இரண்டு மடங்கு என்று எழுதிவிடக் கூடாது. புரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் புரதத்தைத் தனியாக அளக்க வேண்டும்.

கொரோனா காலத்தில் ஆர்.டி.-பி.சி.ஆர். என்ற பெயரும் சி.டி. மதிப்பு என்ற எண்ணும் டீக்கடை வரை வந்துவிட்டன. இங்கேயும் அதே கருவி, அதே முறை. அங்கே கேள்வி 'இருக்கிறதா, இல்லையா'. இங்கே கேள்வி 'எவ்வளவு'. பி.சி.ஆர். என்பது மரபணுத் துண்டைச் சுற்றுச் சுற்றாகப் படியெடுத்துப் பெருக்கும் முறை, ஒரு சுற்றுக்கு அளவு இரட்டிப்பாகிறது. சி.டி. என்பது கருவியின் கண்ணுக்குத் தெரிய எத்தனை சுற்று ஆனது என்ற எண், அது குறைந்தால் தொடக்கத்தில் அளவு கூடுதல் என்று பொருள். அதனால் இரண்டு மடங்கு வித்தியாசம் என்பது வெறும் ஒரு சுற்று. வைரஸ் சோதனையில் சி.டி. 22 வந்தாலும் 23 வந்தாலும் முடிவு ஒன்றே. வெளிப்பாட்டு ஆய்விலோ அந்த ஒரு சுற்றுதான் உங்கள் கண்டுபிடிப்பு. ஊசி குத்துவதிலிருந்து பிளேட்டை (மாதிரிகளைப் போட்டுக் கருவியில் வைக்கும் 96 குழித் தட்டு) ஏற்றுவது வரை எங்கே அசட்டையாக இருந்தாலும் ஒரு சுற்று தவறிப்போகும்.

இந்தக் குறிப்பு ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது: டெல்டா கிராமங்களில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் அழற்சி மரபணுக்கள் கூடுதலாகத் திறந்திருக்கின்றனவா?

எத்தனை பேர் வேண்டும்

முதலில் கணக்கு. ஒருவரின் ரத்தத்தை மூன்று குழிகளில் ஓட்டினால் அது மூன்று பேர் ஆகாது. பிப்பெட் பிழையை மட்டும் அது காட்டும். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை ஆட்களால்தான் அளக்க முடியும். ஒரே குழுவுக்குள் சி.டி. வித்தியாசத்தின் (ஆய்வு மரபணுவின் சி.டி.யிலிருந்து அளவுகோல் மரபணுவின் சி.டி.யைக் கழித்தது, பின்னால் வரும்) திட்ட விலக்கம் 1 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு மாற்றத்தை, அதாவது 1 சுற்றை, 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு சுமார் 17 பேர் வேண்டும். அரைச் சுற்றைப் பிடிக்க வேண்டுமென்றால் குழுவுக்கு சுமார் 64 பேர். ஐந்து பேர், ஐந்து பேர் என்று எடுத்துவிட்டு 1.4 மடங்கு கூடியிருக்கிறது என்று எழுதுவதில் பொருளே இல்லை.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், எழுத்துத் தெரியாதவருக்கு சாட்சி முன் படித்துக் காட்ட வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி முகாமுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். முகாமில் நிச்சயம் வரும் கேள்வி: "இந்த ரத்தத்துல என் சுகருக்கு என்ன மருந்துன்னு தெரியுமா தம்பி?" உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "இல்லை பெரியம்மா, இது ஆராய்ச்சிக்கு. இதுல உங்களுக்குன்னு தனியா மருந்து சொல்ல முடியாது. சுகர் அளவையும் ரத்த அணு எண்ணிக்கையையும் மட்டும் எழுதித் தர்றோம்." அந்த இரண்டையும் சொன்னபடி கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ரத்தம் கொடுத்தவருக்கு நாம் திருப்பித் தருவது அது ஒன்றுதான்.

ரத்தம் எடுக்கும் நேரம்

உடலின் ஏராளமான மரபணுக்களுக்கு நாள் சுழற்சி உண்டு. காலை ஏழு மணிக்குத் திறந்திருப்பது மாலையில் மூடியிருக்கலாம். சாப்பாடும் கடும் உழைப்பும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கையையே மாற்றும். நடவுக் காலத்தில் பெண்கள் விடிந்ததும் வயலில் இறங்கிவிடுவார்கள், பத்து மணிக்கு மேல்தான் முகாமுக்கு வருவார்கள். சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பெரியவர்களோ ஏழு மணிக்கே வரிசையில் நிற்பார்கள். வருகிறவர்களை வந்த வரிசைப்படி எடுத்தால், நோயாளிகள் எல்லாம் வெறும் வயிற்றுக் காலை மாதிரி, நோயற்றவர்கள் எல்லாம் நாலு மணி நேரம் குனிந்து நட்டுவிட்டு வந்த மாதிரி என்று ஆகிவிடும். கருவி காட்டும் வித்தியாசம் நோயால் வந்ததா, நடவால் வந்ததா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

ஆகவே காலை 7 முதல் 9 வரை, வெறும் வயிற்றில், இரண்டு குழுவினரையும் கலந்து எடுங்கள். நடவும் அறுப்பும் உச்சத்தில் இருக்கும் வாரங்களைத் தவிர்க்கலாம். முடியாவிட்டால் முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லி வையுங்கள். காய்ச்சல் இருந்தவரை இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு டியூபுக்கும் எழுத வேண்டியவை: ஊசி குத்திய நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், சாப்பிடும் மாத்திரைகள் (ஸ்டீராய்டை மறக்காமல் கேளுங்கள், மூட்டு வலிக்கு அதை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு), புகையிலை, அண்மைத் தடுப்பூசி, குடற்புழு மருந்து.

அதே குத்தலில் ஊதா மூடி டியூபில் (ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. டியூப்) 2 மி.லி. எடுத்து, அன்றைக்கே அணு எண்ணிக்கை பார்த்துவிடுங்கள். இது கட்டாயம். முழு ரத்தம் என்பது பல வகை செல்களின் கலவை. ஒரு குழுவில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகை 55 சதவீதம், இன்னொன்றில் 70 சதவீதம் என்றால், நியூட்ரோஃபிலில் மட்டும் வெளிப்படும் ஒரு மரபணு எந்தச் செல்லிலும் மாறாமலே 1.27 மடங்கு கூடியதாகத் தெரியும். குடற்புழு உள்ளவருக்கு ஈசினோஃபில் ஏறியிருக்கும், அங்கேயும் இதே கதை.

டியூப், சூடு, தூரம்

தூது ஆர்.என்.ஏ.வின் ஆயுள் நிமிடக் கணக்கிலிருந்து மணிக் கணக்கு வரை. டியூபுக்குள் போன பிறகும் வெள்ளையணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. கண்ணாடிச் சுவரும் குளிரும் குலுக்கலும் அவற்றுக்கு ஆபத்தாகத் தெரிகின்றன, அழற்சி மரபணுக்களைத் திறக்கின்றன. சாதாரண டியூபில் சில மணி நேரம் நின்ற ரத்தத்தில் இன்டர்லூகின்-8 போன்றவை ஏறிவிடும்.

இதை நம் ஊர்த் தூரத்தில் வைத்துப் பாருங்கள். தஞ்சாவூரில் ஆய்வகம். வல்லத்தில் எடுத்த ரத்தம் அரை மணியில் வந்துவிடும். வேதாரண்யத்தில் எடுத்தது மன்னார்குடி வழியாக வந்து சேர மூன்று மணி நேரமாவது ஆகும். இரண்டும் ஊதா மூடி டியூபில் வந்தால், 'கடலோர மக்களுக்கு அழற்சி அதிகம்' என்று அழகான ஒரு முடிவு கிடைக்கும். அது முழுக்க முழுக்க வண்டியில் வந்த நேரத்தின் முடிவு.

இதற்காகவே ஆர்.என்.ஏ.வை நிலைநிறுத்தும் டியூப்கள் இருக்கின்றன. பேக்ஸ்ஜீன் டியூபில் 2.5 மி.லி. ரத்தம், டெம்பஸ் டியூபில் 3 மி.லி. உள்ளே இருக்கும் கரைசல் ரத்தம் விழுந்ததும் செல்களை உடைத்து, மரபணுக்கள் புதிதாகத் திறப்பதை நிறுத்திவிடுகிறது. விலை கூடுதல்தான். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

பேக்ஸ்ஜீனை எப்போதும் கடைசி டியூபாக எடுங்கள். கரைசல் பின்னோக்கி ரத்தக் குழாய்க்குள் போகாதபடி கையைத் தாழ்த்தி, டியூபை நிமிர்த்திப் பிடித்து, ரத்தம் நிற்கும்வரை, குறைந்தது 10 விநாடி, விடுங்கள். எடுத்த கையோடு 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அடுத்த ஆள் உட்கார்ந்துவிட்டார் என்று அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள், அடியில் ரத்தம் கட்டியாகத் தங்கிவிடும், அந்த டியூபில் விளைச்சல் பாதிகூட வராது. பச்சை மூடி டியூபைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள ஹெபாரின் பின்னால் பி.சி.ஆரைத் தடுக்கும்.

பேக்ஸ்ஜீன் 18 முதல் 25 டிகிரியில் 3 நாள், 2 முதல் 8 டிகிரியில் 5 நாள் தாங்கும் என்று உறையில் போட்டிருக்கும். 'அறை வெப்பம்' என்றதும் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துவிடக் கூடாது. சித்திரை வெயிலில் அந்த வராந்தா 36 டிகிரி. தடுப்பூசிப் பெட்டியைப் பயன்படுத்துங்கள், கூடவே கிராம செவிலியர்கள் செய்யும் ஒரு வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே உள்ளே வைக்காமல், மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும்வரை வெளியே வைப்பார்கள். அப்படிச் செய்தால் டியூப் உறையாது. வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும். பக்கத்து ஊர் மாதிரியையும் தூரத்து ஊர் மாதிரியையும் ஒரே பெட்டி முறையில், ஒரே நேர இடைவெளியில் கையாளுங்கள். வல்லத்து டியூப் சீக்கிரம் வந்துவிட்டால் அது காத்திருக்கட்டும்.

ஆய்வகத்தில் உடனே பிரிக்கப் போவதில்லை என்றால், டியூபை நிமிர்த்திக் கம்பி ஸ்டாண்டில் வைத்து மைனஸ் 20-ல் 24 மணி நேரம், அதன் பிறகு மைனஸ் 80. தெர்மோகோல் ஸ்டாண்டில் வைத்தோ, நேராக மைனஸ் 80-க்கு அனுப்பியோ டியூப் வெடித்துப் போனால் அந்த ஆளிடம் மறுபடி ரத்தம் கேட்க முடியாது.

இங்கே வடகிழக்குப் பருவமழையையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபின் கடலோரத்தில் மின்சாரம் வரவே வாரக்கணக்கில் ஆனது. ஐப்பசி பிறப்பதற்குள் பிரித்த ஆர்.என்.ஏ.வை இரண்டு பங்காக்கி, இரண்டு வெவ்வேறு கட்டடங்களின் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஃப்ரீசரில் காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி உறைய வைத்தால், கரண்ட் போனால் குளிர் கூடுதல் நேரம் நிற்கும். கதவைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

ஆர்.என்.ஏ. பிரிப்பது

ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி நம் தோலில், வியர்வையில், பேசும்போது தெறிக்கும் எச்சிலில் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் ஆறியதும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். தனி மேசை, தனி பிப்பெட், ஃபில்டர் டிப், அடிக்கடி மாற்றும் கையுறை. கையுறையோடு செல்போனைத் தொட்டால் அந்தக் கையுறையின் வேலை முடிந்தது.

பேக்ஸ்ஜீன் டியூபைக் குளிரிலிருந்து எடுத்தால் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, குறைந்தது 2 மணி நேரம் வைத்த பிறகே தொடங்குங்கள், செல்கள் முழுதாக உடைய அந்த நேரம் தேவை. இந்த அறை ஏ.சி. அறையாக இருக்கட்டும். பின்னர் கிட்டில் உள்ள வரிசைப்படி போகலாம். 2.5 மி.லி. ரத்தத்தில் 3 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும்.

பிரித்த வெள்ளையணுக்களோ திசுவோ என்றால் டிரைசால் முறை மலிவு, நன்றாகவும் வேலை செய்யும். 50 முதல் 100 மி.கி. திசுவுக்கு, அல்லது 50 லட்சம் முதல் 1 கோடி செல்லுக்கு, 1 மி.லி. டிரைசால். 5 நிமிடம் வைத்து, 0.2 மி.லி. குளோரோஃபார்ம் சேர்த்து, 15 விநாடி வேகமாகக் குலுக்கி, 2-3 நிமிடம் நிறுத்துங்கள். 4 டிகிரியில், 12,000 ஜி-யில், 15 நிமிடம் சுழற்றினால் மூன்று அடுக்கு தெரியும்: கீழே இளஞ்சிவப்பு, நடுவே வெள்ளைப் படலம், மேலே தெளிந்த நீர். ஆர்.என்.ஏ. அந்த மேல்நீரில் இருக்கிறது. வெள்ளைப் படலத்தில் டி.என்.ஏ. ஆசைப்பட்டுக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் அந்தப் படலமும் டிப்புக்குள் ஏறிவிடும். ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை. எடுத்ததோடு 0.5 மி.லி. ஐசோப்ரோப்பனால் சேர்த்து 10 நிமிடம் வைத்து, 12,000 ஜி-யில் 10 நிமிடம். அடியில் சோற்றுக் கஞ்சி காய்ந்த பொட்டு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. அதனால் டியூபின் கீல் எப்போதும் வெளிப்பக்கம் இருக்கும்படி சென்ட்ரிஃப்யூஜில் வையுங்கள், பொட்டு கீலுக்குக் கீழே உள்ள பக்கத்தில்தான் இருக்கும் என்று தெரிந்து எதிர்ப்பக்கத்தில் உறிஞ்சலாம். 75 சதவீத எத்தனால் 1 மி.லி. விட்டு 7,500 ஜி-யில் 5 நிமிடம் கழுவுங்கள். 5 முதல் 10 நிமிடம் உலர்த்தி, 30 மைக்ரோலிட்டர் நொதியற்ற நீரில் கரையுங்கள். ஓரம் ஈரமாக இருக்கும்போதே கரைக்க வேண்டும். கண்ணாடி மாதிரி காய்ந்துவிட்டால் கரையவே கரையாது.

ஜி (புவியீர்ப்பைப்போல எத்தனை மடங்கு விசை) வேறு, ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி) வேறு. 12,000 ஆர்.பி.எம். என்பது 7 செ.மீ. ஆர ரோட்டரில் சுமார் 11,300 ஜி, 10 செ.மீ. ரோட்டரில் சுமார் 16,100 ஜி. ஆரத்தைச் செ.மீ.-ல் எடுத்து, ஆர்.பி.எம்.-இன் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்கினால் ஜி வரும்.

உயிருக்கே ஆபத்தான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். டிரைசாலிலும் பெரும்பாலான கிட்களின் கரைசல்களிலும் குவானிடின் உப்பு இருக்கிறது. சிந்தியதைத் துடைக்க அதன்மேல் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் விஷ வாயு கிளம்பும். ரத்தக் கழிவு என்றாலே பிளீச்சிங் பவுடர் என்று பழகிய கைகள் இதைத் தெரியாமல் செய்துவிடும். ஆய்வகத் துப்புரவுப் பணியாளரிடம் நேரில் சொல்லுங்கள், தொட்டியின் மேல் தமிழில் எழுதி ஒட்டுங்கள். டிரைசாலில் உள்ள ஃபீனால் தோலைச் சுடும், ஃப்யூம் ஹூடுக்கு வெளியே மூடியைத் திறக்காதீர்கள்.

தரம் பார்ப்பது

260 நானோமீட்டரில் 1 அலகு ஒளி உட்கவர்வு என்றால் மி.லி.க்கு 40 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. 260/280 விகிதம் 2.0-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 260/230 விகிதம் 2-க்கு மேல் நல்லது. அது 1-க்குக் கீழே போனால் குவானிடினோ ஃபீனாலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, எத்தனால் கழுவலை இன்னொரு முறை செய்யுங்கள். இந்த விகிதங்கள் தூய்மையை மட்டும் சொல்லும். ஆர்.என்.ஏ. துண்டு துண்டாக நொறுங்கியிருந்தாலும் 2.0 அழகாக வரும். நொறுங்கல் தெரிய ஜெல்லில் ஓட்டி 28எஸ், 18எஸ் என்ற இரண்டு ரைபோசோம் ஆர்.என்.ஏ. பட்டைகளைப் பாருங்கள். முதலாவது இரண்டாவதைப்போல இரு மடங்கு அடர்த்தியாக இருக்க வேண்டும். கருவி இருந்தால் ஆர்.ஐ.என். எண் (ஆர்.என்.ஏ. எவ்வளவு நொறுங்காமல் இருக்கிறது என்பதற்கு 1 முதல் 10 வரை மதிப்பெண்) பாருங்கள். வரிசைப்படுத்தலுக்கு 7-க்கு மேல் வேண்டும். குறுகிய துண்டைப் பெருக்கும் பி.சி.ஆருக்கு 5 வரை சமாளிக்கலாம், ஆனால் இரு குழுக்களிலும் ஒரே அளவில் இருந்தால் மட்டும்.

பிறகு டி.என்.ஏ.யை அழிக்கும் நொதியால் கழுவுதல். இதை யாரும் தவிர்க்கக் கூடாது, பி.சி.ஆருக்கு டி.என்.ஏ.வும் ஒன்றுதான், ஆர்.என்.ஏ.விலிருந்து வந்ததும் ஒன்றுதான்.

படியெடுத்து, பெருக்கி

ஆர்.என்.ஏ.வை முதலில் தலைகீழ்ப் படியெடுப்பு நொதியால் சி.டி.என்.ஏ.வாக, அதாவது அதன் டி.என்.ஏ. படியாக, மாற்ற வேண்டும். எல்லா மாதிரியிலும் ஒரே அளவு ஆர்.என்.ஏ., 20 மைக்ரோலிட்டரில் 500 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் 200, ஒன்றில் 900 என்று கிடைத்ததை எல்லாம் போட்டுவிட்டுக் கணக்கில் சரிசெய்யலாம் என்று நினைத்தால் நடக்காது, இந்த நொதியின் திறன் அளவைப் பொறுத்து மாறும். எல்லா மாதிரியையும் ஒரே நாளில், ஒரே கலவையில் மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் நொதி போடாத இரட்டையும் ஒன்று வேண்டும். நொதி போட்டதற்கும் போடாததற்கும் 7 சுற்றுக்கு மேல் இடைவெளி இருந்தால் டி.என்.ஏ. கலப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே என்று பொருள். முடிந்த சி.டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள்.

பிரைமர் (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் சிறு டி.என்.ஏ.) 18 முதல் 22 எழுத்து, உருகும் வெப்பம் 60 டிகிரியை ஒட்டி, பெருக்கும் துண்டு 70 முதல் 150 எழுத்து, இரண்டு எக்ஸான்கள் (தூது ஆர்.என்.ஏ.வில் தங்கும் மரபணுப் பகுதிகள்) இணையும் இடத்தின் மேல். ஒரு குழிக்கு 10 மைக்ரோலிட்டர் கலவை:

- இரட்டைச் செறிவு சைபர் கிரீன் (ஒளிரும் சாயம்) மாஸ்டர் மிக்ஸ்: 5
- முன் பிரைமர், 10 மைக்ரோமோலார்: 0.3
- பின் பிரைமர், 10 மைக்ரோமோலார்: 0.3
- நீர்: 2.4
- நீர்த்த சி.டி.என்.ஏ.: 2

முதல் நான்கையும் மொத்தமாக, பத்து சதவீதம் கூடுதலாகக் கலந்து 8 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்துவிட்டு, கடைசியில் சி.டி.என்.ஏ. போடுங்கள். 0.3 மைக்ரோலிட்டரைக் குழி குழியாக எடுக்க எந்தக் கையாலும் முடியாது. 95 டிகிரியில் கிட் சொல்லும் நேரம், பிறகு 95-ல் 15 விநாடி, 60-ல் 1 நிமிடம், 40 சுற்று, முடிவில் 60-லிருந்து 95 வரை உருகு வளைவு. வளைவில் ஒரே கூர்முனை வர வேண்டும். குறைந்த வெப்பத்தில் இன்னொரு சிறு முகடு எழுந்தால் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகியிருக்கின்றன, அந்த பிரைமர் ஜோடியை மாற்றுங்கள்.

மூன்று குழிகளின் சி.டி. விலக்கம் 0.3-க்குள் இருக்க வேண்டும். ஓரக் குழிகளில் மட்டும் விலகினால் ஒட்டுப்படலம் சரியாக ஒட்டவில்லை, ஆவியாகிறது. எல்லா இடத்திலும் விலகினால் பிப்பெட்டைச் சோதிக்க அனுப்புங்கள்.

பிளேட் கணக்கு: ஆளுக்கு மூன்று குழி என்றால் 34 பேருக்கு 102 குழி, 96-ல் அடங்காது. அதற்காக நோயாளிகளை ஒரு பிளேட்டிலும் மற்றவர்களை இன்னொன்றிலும் போட்டுவிடாதீர்கள். பிளேட்டுக்குப் பிளேட் உள்ள வித்தியாசம் நோயின் வித்தியாசமாக வேடம் போட்டுக்கொண்டு வரும். ஒவ்வொன்றிலும் இரு குழுவிலிருந்தும் பாதிப் பாதி, இரண்டிலும் பொதுவாக ஒரு மாதிரி, மாதிரியே போடாத வெறுங்குழி மூன்று. ரன் ஓட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கருவிக்கு ஆன்லைன் யு.பி.எஸ். வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் கண நேர இடைவெளியில் கருவி மறுபடி தொடங்கி, பிளேட்டும் வீணாகும்.

திறனையும் அளந்தாக வேண்டும். ஒரு கலப்பு மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக ஐந்து படி நீர்த்து ஓட்டி, சி.டி.யை அளவின் மடக்கையோடு கோடிடுங்கள். சாய்வு மைனஸ் 3.32 என்றால் 100 சதவீதம். மைனஸ் 3.1-க்கும் 3.6-க்கும் இடையே ஏற்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் 2-க்குப் பதில் 1.9 மடங்குதான் பெருகுகிறது என்றால், 25 சுற்று முடிவில் பிழை 3.6 மடங்கு. பத்து மடங்கு நீர்த்தும் சி.டி. 3.3 கூடாமல் 2 மட்டும் கூடினால் ரத்தத்தின் ஹீமோகுளோபினோ மிச்ச எத்தனாலோ பி.சி.ஆரைத் தடுக்கிறது.

எதோடு ஒப்பிடுவது

மாதிரிக்கு மாதிரி ஆர்.என்.ஏ. அளவு கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதைச் சமன்செய்ய, மாறாத ஒரு மரபணுவை அளவுகோலாக வைக்கிறோம். வழக்கமாக ஜி.ஏ.பி.டி.எச். எடுத்துவிடுவார்கள், எல்லோரும் எடுக்கிறார்கள் என்பதாலேயே. அது குளுக்கோஸைச் சிதைக்கும் பாதையில் உள்ள நொதி, இன்சுலினுக்கு ஏற்ப மாறக்கூடியது. சர்க்கரை நோய் ஆய்வில் அதை அளவுகோலாக வைப்பது, நீட்டினால் நீளும் ரப்பரில் வயலை அளப்பதற்குச் சமம். பீட்டா-2 மைக்ரோகுளோபுலினும் அழற்சியில் ஏறும். எச்.பி.ஆர்.டி.1, டி.பி.பி., பி.பி.ஐ.ஏ., ஒய்.டபிள்யூ.எச்.ஏ.இசட். போன்று ஆறு ஏழை இரு குழுவிலும் பத்துப் பத்துப் பேரில் ஓட்டி, 2002-ல் வந்த ஜீநார்ம் கணக்கில் நிலைத்தன்மை மதிப்பு குறைவாக உள்ள இரண்டையாவது தேர்ந்தெடுங்கள்.

கணக்கு இப்படி. ஒரு நோயாளியில் ஆய்வு மரபணுவின் சி.டி. 26.4. இரண்டு அளவுகோல் மரபணுக்கள் 20.2, 22.2, சராசரி 21.2. வித்தியாசம் 5.2. நோயற்ற குழுவின் சராசரி வித்தியாசம் 7.0. 5.2-லிருந்து 7.0-ஐக் கழித்தால் மைனஸ் 1.8. இரண்டின் அடுக்கு 1.8 என்றால் சுமார் 3.5 மடங்கு. இது 2001-ல் வெளிவந்த லிவாக்-ஷ்மிட்கன் முறை. அளவுகோல் மரபணுவே நோயில் ஒரு சுற்று ஏறியிருந்தால் இதே ஆளுக்கு 1.74 மடங்கு என்று வந்திருக்கும், உண்மையில் பாதி. திறன்கள் 100 சதவீதத்திலிருந்து விலகினால் அதே ஆண்டில் வந்த ஃபாஃபல் முறையில், அளந்த திறனைப் போட்டுக் கணக்கிடுங்கள். புள்ளியியல் சோதனையை மடங்கின் மேல் செய்யாதீர்கள், சி.டி. வித்தியாசத்தின் மேல் செய்யுங்கள். மடங்கு ஒருபக்கம் சாய்ந்து பரவும், சி.டி. வித்தியாசம் ஓரளவு சமமாகப் பரவும்.

சி.டி. 35-க்கு மேல் போனால் எண்ணை நம்ப முடியாது. சாதாரண ரத்தத்தில் இன்டர்லூகின்-6 அடிக்கடி அங்கேதான் போய் நிற்கும்.

எல்லா மரபணுவையும் ஒரே நேரத்தில்

எந்த மரபணு என்று முன்கூட்டித் தெரியாதபோது ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல், அதாவது மாதிரியில் உள்ள ஆர்.என்.ஏ. துண்டுகளின் எழுத்துகளைக் கருவியில் வாசித்து எண்ணுவது. பிரித்த ஆர்.என்.ஏ.வை உலர்பனியில் வெளியே அனுப்பி வாங்கலாம். ஒரு மாதிரிக்கு 2 முதல் 3 கோடி வாசிப்பு போதும். முழு ரத்தம் என்றால் குளோபின் நீக்கம் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வாசிப்புகளில் பாதிக்கு மேல் ஹீமோகுளோபின் படிகளுக்கே போய்விடலாம். ஒப்பீட்டுக்கு டெசீக்2, எட்ஜ்ஆர் போன்ற மென்பொருள்களில் சமன்செய்யாத மூல எண்ணிக்கைகளைக் கொடுங்கள், ஏற்கெனவே சமன்செய்த மதிப்புகளைக் கொடுக்கக் கூடாது. 20,000 மரபணுவை 0.05 என்ற வரம்பில் சோதித்தால் ஒன்றுமே மாறாத இடத்திலும் ஏறக்குறைய 1,000 மரபணு 'மாறியதாக' வரும். பென்ஜமினி-ஹாக்பெர்க் முறையில் திருத்திய மதிப்பையே எடுங்கள். கிடைத்த முக்கியமான சிலவற்றை வேறு ஆட்களின் ரத்தத்தில், மேலே சொன்ன பி.சி.ஆரில் மறுபடி பாருங்கள்.

கட்டுரை எழுதும்போது, பி.சி.ஆர். ஆய்வில் எவற்றை வெளியிட வேண்டும் என்று சொல்லும், 2009-ல் வெளிவந்து 2025-ல் புதுப்பிக்கப்பட்ட மிக்கி (எம்.ஐ.க்யூ.இ.) வழிகாட்டுதல் கேட்பதையெல்லாம் கொடுங்கள்: பிரைமர் வரிசை, திறன், ஆர்.என்.ஏ. தரம், நொதி போடாத குழியின் சி.டி., அளவுகோல் மரபணுக்களைத் தேர்ந்த விதம். அதோடு ஒரு பத்தியையும் சேருங்கள்: எந்தெந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தீர்கள், பெட்டிக்குள் எத்தனை டிகிரி, குத்தியதிலிருந்து ஃப்ரீசர் வரை எத்தனை மணி நேரம். திருவாரூரில் இன்னொரு குழு அதே வேலையைச் செய்து வேறு விடை கண்டால், முதலில் புரட்டிப் பார்க்கப்போவது அந்தப் பத்தியைத்தான்.